டுடோரியல் வாத்தியார் பதில்கள்

(பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் தவறிய பிள்ளைகளுக்குச் சேலத்தில் நீண்ட காலம் கணக்குப் பாடம் எடுத்தவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: ஐயா, நான் விசைத்தறி ஓட்டுகிறேன். மகன் பிளஸ் டூவில் கணக்கில் மட்டும் 23 மார்க் வாங்கித் தவறிவிட்டான். ரிசல்ட் வந்த நாளிலிருந்து அறையை விட்டு வெளியே வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. என் அண்ணன், 'படித்தது போதும், தறியில் போடு' என்கிறார். வீட்டில் அவன் அம்மா அழுகிறாள். நான் அவனிடம் என்ன பேசுவது?
— பெயர் வேண்டாம், அம்மாப்பேட்டை

கணக்கைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், முதலில் பையனைப் பாருங்கள். ராத்திரி தூங்குகிறானா? கூட்டாளிகள் யாராவது போன் செய்தால் எடுத்துப் பேசுகிறானா? 'நான் இருந்து என்ன ஆகப்போகிறது' என்பது மாதிரி ஒரு வார்த்தை வாயில் வந்தாலும் அதைச் சும்மா விடாதீர்கள். "சாகலாம் என்று தோன்றுகிறதா சாமி?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போல் ஆகிவிடுமோ என்று பெற்றவர்கள் பயப்படுவார்கள். அப்படி ஆகாது. ஒருவர் கேட்டுவிட்டாரே என்று பாரம் குறையத்தான் செய்யும். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ அவனைத் தனியே விடாமல் பக்கத்திலேயே இருங்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 104, 14416 ஆகிய இரண்டு உதவி எண்களிலும் ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. பையன் பேச மறுத்தால் நீங்களே கூப்பிட்டு, அவனிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டுக்கொள்ளலாம்.

அண்ணனிடம் சொல்லுங்கள்: தறி எங்கேயும் போய்விடாது. அந்த முடிவை இந்த வாரம் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

அப்புறம் அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். புத்தி சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை கூட வேண்டாம். "துணைத்தேர்வு இருக்கிறதாமே, வா, ஸ்கூலுக்குப் போய்க் கேட்டுவிட்டு வரலாம்" என்று மட்டும் சொல்லி, ஒரு ஷிஃப்ட் லீவு போட்டுவிட்டு நீங்களே கூடப் போங்கள். அப்பா கூலியை விட்டுவிட்டுத் தன்னோடு வந்தார் என்பது அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேரும். மே மாதம் ரிசல்ட் வருகிறது, ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு நடந்துவிடுகிறது. அதில் பாஸ் செய்தால் இதே வருடம் கல்லூரியில் சேரலாம். இன்ஜினீயரிங் போக நினைத்தால்கூட, துணைத்தேர்வில் தேறியவர்களுக்கென்று துணைக் கலந்தாய்வு இருக்கிறது. பையன் நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னால் விடைத்தாள் நகலுக்கும் விண்ணப்பித்துப் பார்க்கலாம். அதற்கு நாள் குறைவு, தள்ளிப்போட வேண்டாம்.

இப்போது கணக்கு. 23 எடுத்தவனுக்கு 35-க்கு இன்னும் 12 மார்க் வேண்டும். மொத்தப் புத்தகத்தையும் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லாதீர்கள், அந்தத் தடிமனைப் பார்த்தே கை ஓய்ந்துவிடும். எழுத்துத் தேர்வில் ஒரு மார்க் கேள்வி மட்டும் 20 இருக்கிறது. பாடத்தின் பின்னால் உள்ள ஒரு மார்க் கேள்விகளைத் தினமும் போட்டுப் பார்க்கட்டும். விடையை மனப்பாடம் செய்யாமல், ஏன் அந்த விடை என்று பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும். பிறகு முதல் பாடம் அணிகள், இரண்டாவது கலப்பு எண்கள், கடைசிப் பாடமான தனிநிலைக் கணிதம். இந்த மூன்றும் மற்றப் பாடங்களைப் பெரிதாக நம்பி நிற்பவை அல்ல. தொகை நுண்கணிதத்தில் மூழ்கிப்போன பிள்ளைகள் பலர் இந்தப் பாடங்களில் கரையேறி நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பக்கத்திலிருந்தே என்னிடம் ஒரு பையன் வந்தான். ராத்திரி தறியில் நின்றுவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருவான், தலையெல்லாம் பஞ்சுத் தூசியாக இருக்கும். ஒரு பாவுக்கு எவ்வளவு நூல் வேண்டும், எத்தனை சேலை இறங்கும், கூலியில் முன்பணம் போக வாரக் கடைசியில் கைக்கு என்ன வரும், எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லிவிடுவான். அதே பையன் இயற்கணிதப் பக்கத்தைத் திறந்தால் பேனாவைத் தொட மாட்டான். விசாரித்தால், எட்டாம் வகுப்பில் போர்டு முன்னால் நிற்கவைத்து எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவனுக்கு வராமல் போனது கணக்கு இல்லை, அந்தப் போர்டுதான் அவனை விடவில்லை. ஒரு சேலைக்குக் கூலி 'எக்ஸ்' என்று ஆரம்பித்து, அவன் வாயால் சொன்ன கணக்கையே தாளில் எழுத வைத்தேன். யாரும் பார்க்காத கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதினான். அந்த முறை பாஸ் ஆனான். பிறகு ஒரு நூல் கடையில் கணக்கு எழுதப் போனான்.

உங்கள் மகனும் எங்கோ ஓரிடத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறான். அது எந்த இடம் என்று கண்டுபிடிக்க ஒரு ஆள் வேண்டும். பள்ளியில் அவனுக்குப் பிடித்த ஆசிரியர் யார் என்று கேளுங்கள், அது தமிழாசிரியராக இருந்தாலும் பரவாயில்லை. முதலில் அவரிடம் கூட்டிப்போங்கள்.

கேள்வி: நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். எங்கள் பள்ளி விழாவில் பேசினவர், 'கஷ்டப்பட்டவர்கள்தான் ஜெயிப்பார்கள், நம்ம மாவட்டத்து கிரிக்கெட் வீரர் நடராஜனையும் உயரம் தாண்டுகிற மாரியப்பனையும் பாருங்கள்' என்றார். நான் தினமும் விடியற்காலையில் அம்மாவுடன் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறித்துவிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போகிறேன். வகுப்பில் தூக்கம் வருகிறது, மார்க் குறைகிறது. நானும் கஷ்டப்படுகிறேனே ஐயா, எனக்கு மட்டும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை?
— மாணவி, ஓமலூர் அருகே

கண்ணு, உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். மேடையில் பேசுகிறவர்கள் விட்டுவிடுகிற ஒன்றை நீ பிடித்துக் கேட்டிருக்கிறாய்.

கஷ்டம் தன்னால் யாரையும் வளர்ப்பதில்லை. நிறையப் பேரை அது சோர்வாக்கி உட்கார வைத்துவிடுகிறது. எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் கஷ்டத்தால் மட்டுமே படிப்பை விட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால், 'கஷ்டப்பட்டார், ஜெயித்தார்' என்று அந்த இரண்டு பேரின் கதையை ஒரே வரியில் சொல்லிவிடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. நடுவில் என்ன நடந்தது என்று பார்.

நடராஜனின் ஊர் சின்னப்பம்பட்டி. அப்பா தறிக்கூலி, அம்மா ரோட்டோரத்தில் கோழிக்கறிக் கடை. ஊரில் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவரைச் சென்னைக்கு அனுப்பிவைத்து, விடாமல் கூட நின்றவர் அதே ஊர்க்காரர் ஒருவர். அவருடைய பெயரின் எழுத்துகளான 'ஜே.பி.'யைத் தன் சட்டை முதுகில் போட்டுக்கொண்டு ஆடினார் நடராஜன். 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம். உடனேயே பந்து வீசும்போது கையை மடக்கி எறிகிறாரோ என்ற சந்தேகத்தில் புகார் எழுந்தது. வேகப்பந்து வீச்சாளருக்கு அதைவிடப் பெரிய அடி எது? அந்த நேரத்தில் தன்னம்பிக்கை மட்டும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்திருக்க முடியும்? கை எந்த இடத்தில் மடங்குகிறது என்று பார்த்துச் சொல்லப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து, பழகிப்போன கையை மாற்றிப் பழக்கினார். பெரிய ஆட்டங்கள் இல்லாத நீண்ட காலம் அது. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக ஒருநாள் போட்டியிலும் டி20-யிலும் அறிமுகம், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் அறிமுகம். அந்தப் பயணத்துக்கு முதலில் அவரைக் கூட்டிப்போனது வலைப்பயிற்சியில் பந்து போடத்தான்.

மாரியப்பன் தங்கவேலு உன் ஊர்ப்பக்கம், பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. அம்மா செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் வளர்த்தார். உயரம் தாண்ட வைத்துப் பார்த்தவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். பிறகு 2013 வாக்கில் சத்தியநாராயணா என்ற பயிற்சியாளர் கண்ணில் பட்டார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். தங்கம் வெள்ளியாகி வெண்கலமானதைச் சிலர் இறக்கம் என்பார்கள். எனக்கு அந்த மூன்று பதக்கங்களில் கடைசி வெண்கலத்தின் மேல்தான் மதிப்பு அதிகம். தங்கம் வாங்கியவன் எட்டு வருடம் கழித்தும் கம்பியின் முன்னால் வந்து நிற்க வேண்டுமே!

இரண்டு கதையிலும் கஷ்டம் இருக்கிறது. கூடவே, இன்ன இடத்தில் இன்னது சரியில்லை என்று பார்த்துச் சொன்ன ஒரு ஆளும் இருக்கிறார். உனக்கு இன்னும் அந்த ஆள் கிடைக்கவில்லை. உன் உழைப்பில் எந்தக் குறையும் இல்லை.

நீ செய்ய வேண்டியது இது. வகுப்பு ஆசிரியரிடம் தனியாகப் போய், விடியற்காலை வேலையைப் பற்றிச் சொல். பலர் சொல்வதே இல்லை, அதனால் ஆசிரியருக்கு அது சோம்பலாகத் தெரிகிறது. சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. அப்புறம் அம்மாவிடம் பேசி, பூ அதிகம் வராத மாதங்களில் நீ தூங்கிக்கொள்ள முடியுமா, தேர்வு மாதத்தில் மட்டுமாவது வேறு ஆள் வைக்க முடியுமா என்று கேட்டுப் பார். முடியாவிட்டால் ராத்திரி சீக்கிரம் படுத்துவிடு. பதினோரு மணி வரை கண் விழித்துப் படிப்பது உன் மாதிரிப் பிள்ளைக்கு வேண்டாத வேலை, படித்தது மறுநாள் நிற்காது. நீ ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிப்பவளாக இருந்தால், கல்லூரிக்குப் போனதும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உன் கணக்கில் வரும். இதை அம்மாவிடம் இப்போதே சொல்லி வை. பிளஸ் டூ முடிந்ததும் என்ன என்ற பேச்சு வீட்டில் வரும்போது உதவும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். மூன்று மாதம் முன்பு மாரடைப்பில் போய்விட்டார். வெள்ளி கொடுத்த கடைக்குப் பாக்கி, வெளியில் வட்டிக்கடன். என் பெயரில் புதுப் புரோநோட்டு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், கொழுந்தனாரும் 'போட்டுவிடுங்கள் அண்ணி, மானம் முக்கியம்' என்கிறார். பத்தாவது படிக்கும் மகள் இருக்கிறாள். பார்க்கிறவர்கள் எல்லாம் 'தைரியமாக இரு, இதெல்லாம் உன்னைப் பக்குவப்படுத்தும்' என்கிறார்கள். எனக்குத் தைரியம் வரவே இல்லை.
— வாசகி, செவ்வாய்ப்பேட்டை

தங்கச்சி, தைரியம் வராவிட்டால் பரவாயில்லை. அழுகை வந்தால் அழுங்கள். பக்குவம் இப்போது யாருக்கு வேண்டும்? ஒன்றே ஒன்று: எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நாளை வரச் சொல்லுங்கள், நாளை வந்தால் வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

காரணம் இருக்கிறது. ஒருவர் வாங்கிய கடனுக்கு, அவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் வாரிசுகள் பொறுப்பு. அவர் பெயரில் வீடோ பட்டறையோ இருந்தால் கடன்காரர் அதன்மேல் உரிமை கேட்கலாம். உங்கள் உழைப்பில் வரும் பணத்துக்கும், உங்கள் பிறந்த வீட்டு நகைக்கும் அந்தக் கடனோடு சம்பந்தம் இல்லை. ஏற்கெனவே நீங்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தாலோ ஜாமீன் நின்றிருந்தாலோ மட்டும் விஷயம் வேறு. புதுப் புரோநோட்டில் கையெழுத்து விழுந்த நிமிடத்தில் அது உங்கள் சொந்தக் கடன் ஆகிவிடும். புரோநோட்டுக்கு வழக்குப் போட 3 வருடக் காலக்கெடு உண்டு. பழைய தாளைப் புதுத் தாளாக்க அவசரப்படுவதில் அந்தக் கணக்கும் இருக்கும். கொழுந்தனார் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. மானம் பெரிதுதான், ஆனால் அது உங்கள் மகளின் படிப்பைக் கொண்டு கட்ட வேண்டிய பாக்கி இல்லை.

வக்கீலுக்குப் பணம் எங்கே என்று யோசிக்க வேண்டாம். நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ம் வருடச் சட்டமே அப்படிச் சொல்கிறது. போனில் 15100. வட்டி அநியாயமாக இருந்தால் அதையும் அங்கேயே சொல்லுங்கள், கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது.

கடைக்காரரின் வெள்ளி விஷயத்தைத் தனியாக வையுங்கள். அவர் வேலைக்குக் கொடுத்த வெள்ளி பட்டறையில் கொலுசாகவோ கம்பியாகவோ அப்படியே இருந்தால் அது அவருடையது. மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடை போட்டுத் திருப்பிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். வெள்ளி விலை இப்படி ஏறிக்கிடக்கும் காலத்தில் பத்து கிராம்கூட வாய்ப்பேச்சில் விடக்கூடாது.

இன்னொன்று, இதை உடனே பாருங்கள். வீட்டுக்காரரின் பாஸ்புக்கை எடுத்து, வருடத்துக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்று தேடுங்கள். வழக்கமாக மே மாதக் கடைசியில் இருக்கும். இருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் வர வேண்டும். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு, மாரடைப்புக்கு வராது. கணக்கு இருக்கும் கிளைக்கே போய் இறப்புச் சான்றிதழோடு கேளுங்கள். மூன்று மாதம் ஆகிவிட்டதே என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள், அவர்கள் எழுத்தில் சொல்லட்டும். எத்தனையோ வீடுகளில் அந்த ஒரு வரி யார் கண்ணிலும் படாமல் பாஸ்புக்கிலேயே கிடக்கிறது.

சலங்கை பற்ற வைக்கும் வேலை உங்களுக்குத் தெரியும் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை ஓரத்தில் எழுத வேண்டியதில்லை. ஆர்டர் குறைந்திருந்தாலும் கைவேலைக்கு ஆள் கிடைக்காமல் பட்டறைக்காரர்கள் திண்டாடுகிறார்கள். இப்போதைக்குப் பட்டறையை நடத்தும் பொறுப்பை எடுக்காமல், கூலிக்கு மட்டும் வேலை வாங்குங்கள். உள்ளே வந்த எடை, வெளியே போன எடை, சேதாரம், கூலி, இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதுவது மகளாக இருக்கட்டும். பத்தாம் வகுப்புக் கணக்கு அவளுக்கு அங்கேயே பாதி வந்துவிடும்.

கேள்வி: ஏற்காடு மலையில் இருக்கிறோம். பி.எஸ்சி. முடித்து, அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வை விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வயது 27. அப்பாவுக்கு ஒரு ஏக்கர் காப்பியும், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடியும் இருக்கிறது. அவருக்கு முட்டி வலி, சரிவில் இறங்க முடியவில்லை. தேர்வை விட்டுவிட்டால் தோற்றவன் என்றாகிவிடாதா?
— வாசகர், ஏற்காடு

தம்பி, விடுவதா வேண்டாமா என்பதை உங்கள் மார்க் சொல்லட்டும், ஊர் சொல்ல வேண்டாம். கடைசியாக எழுதிய வினாத்தாளை எடுங்கள். 200 கேள்வி, தமிழில் 100, பொது அறிவு 75, கணக்கும் காரண அறிவும் 25. தவறிய ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: தெரிந்தும் தவறவிட்டது, தெரியாதது, நேரம் போதாதது. அந்த 25-ல் பாதி போய்விட்டிருந்தால், விட்டுவிடாதீர்கள். அது ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான கணக்கு, ஒழுங்காக உட்கார்ந்தால் வந்துவிடும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு உண்டு. அதற்காகச் சேலத்துக்குத் தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறினால் படிக்கத் தெம்பு இருக்காது. மாதிரித் தேர்வு நாளில் மட்டும் வாருங்கள்.

மாறாக, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே மார்க்கில் நிற்கிறது என்றால், அடுத்த தேர்வே கடைசி என்று இப்போதே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். எழுதும் முன்பே சொல்ல வேண்டும். ரிசல்ட்டுக்குப் பிறகு எடுக்கும் முடிவில் கோபம் கலந்துவிடும்.

ஒரு ஏக்கரைக் கையில் எடுப்பதைத் தோல்வி என்று யார் சொன்னது? அராபிகா செடியைத் தண்டு துளைப்பான் தின்பது, நிழல் குறைந்தால் அது பெருகுவது, மார்ச் ஏப்ரல் மழை தப்பினால் பூ தப்புவது, இதெல்லாம் உங்கள் அப்பாவின் கைக்குத் தெரியும். முட்டி வலிக்கிற மனிதரிடமிருந்து அதை இப்போது கற்றுக்கொள்ளாவிட்டால் பிறகு யாரிடம் கேட்பீர்கள்? ஏற்காட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பி.எஸ்சி. படித்த நீங்கள் அங்கே போய்க் கேள்வி கேட்க முடியும், உங்கள் அப்பா ஒருவேளை கூச்சப்பட்டிருப்பார். இந்தப் பருவம் காய் எடுக்கும்போது கூட இருங்கள், தேர்வுக்கும் படியுங்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குத் திக்குவாய். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் அழுதுவிடுகிறாள். 'பயத்தை நீயேதான் ஜெயிக்கணும்' என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.
— ஒரு தாய், ஆத்தூர்

அம்மா, திக்குவது பயத்தால் வருவதில்லை. திக்கித் திக்கிக் கேலிக்கு ஆளானதால் பயம் வந்திருக்கிறது. 'மெதுவாகப் பேசு' என்று சொல்வதையும், அவள் சொல்ல வந்த வார்த்தையை நீங்கள் முடித்துவைப்பதையும் வீட்டில் இன்றே நிறுத்துங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருங்கள். பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். வகுப்பு ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள். திக்குகிற பிள்ளைகளில் பலர் பாடும்போதும், இன்னொருவரோடு சேர்ந்து வாசிக்கும்போதும் திக்குவதில்லை. அதனால் அவளைத் தனியாக எழுப்பாமல், கொஞ்ச நாளைக்குப் பக்கத்தில் உட்காரும் தோழியையும் சேர்த்து எழுப்பி, இருவரையும் ஒன்றாக வாசிக்கச் சொல்லுமாறு கேளுங்கள்.